கற்பூரத்தை அந்த அம்மா தொடவில்லை

கொரோனாவுக்காக ஜனத்தைத் திருத்தணி மலையேற விடாமல் நிறுத்தி வைத்திருந்த ஆடிக் கிருத்திகைக்கு மறுபடியும் கூட்டத்தை விட்டார்களே, காவடி எடுத்தவர்கள் வெயில் தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்களே, அந்த வருஷம்தான் நான் பஸ்ஸிலிருந்து குதித்தேன். தேதி தெரியாது. திருவிழா முடிந்து, வாடிப்போன பூவையெல்லாம் நகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போன மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படிக்காதவன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவாள். எழுதட்டும். விஷயத்தைத் திருத்தாமல் இருந்தால் சரி.

அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரியும் திருப்பதிக்குக் கிளம்பினோம். அவளுக்கு வலது கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. புரை முற்றிப்போய், நரம்பே கெட்டுப்போகிறவரை பார்க்காமல் விட்டுவிட்டோம். இப்போது இடது கண்ணிலும் அதே புரை. திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். மருமகன் இரண்டு நடையாக எங்களைத் தன் வண்டியில் கொண்டுவந்து திருத்தணி பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அவர் அம்மையார்குப்பத்துக்காரர். தறி நின்றால் வீடு நின்றுவிடும்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் பின்னால் எடுத்தார். பின்பக்கம் யாரோ தகரத்தைத் தட்டித் தட்டி, "வா... வா... வா..." என்றான். அவ்வளவுதான். என் தொண்டை அடைத்துக்கொண்டது. சட்டை நனைந்துவிட்டது. காது இரண்டும் கொதித்தன. எப்படி எழுந்தேன், எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. முட்டி பெயர்ந்து தரையில் கிடந்தேன். அரைக் கண்ணோடு தடவித் தடவி அவள் இறங்கி வந்தாள்.

"இன்னாயா ஆச்சி? மாரு வலிக்குதா?"

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவளுக்குக் கண் ஆபரேஷன் என்று கிளம்பி, என் நெஞ்சைச் சோதிக்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒயரெல்லாம் வைத்துப் பார்த்தார் டாக்டர். சின்ன வயசுப் பையன்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல பெரியவரே. மனசுலதான் இருக்கு."

"மனசா?" என்றாள் இவள். "அது எங்க வெச்சிகினு கீறார்னு நாப்பது வருஷமா நானுந்தான் தேடிகினு கீறேன்."

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மனசுக்குப் பார்க்கிற ஒரு அம்மா வாரத்தில் இரண்டு நாள் சென்னையிலிருந்து ரயிலில் வருகிறார், ஸ்டேஷன் பக்கம் தையல் கடை மாடியில் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். எனக்கென்ன பைத்தியமா என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடி கிளம்பினோம். பஸ் வேண்டாம், மாறி மாறிப் போய்விடலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அது எங்கள் ஊர் கனகம்மாசத்திரத்திலேயே திரும்புவதற்காகப் பின்னால் வந்ததும் அதிலிருந்தும் குதித்தேன். ஆஸ்பத்திரியில் தீபாவளிக்கு முன்னால் இன்னொரு நாள் கொடுத்தார்கள். அதையும் விட்டால் இந்தக் கண்ணும் அந்தக் கண் போன வழியில் போய்விடும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

"மருமகன் கூடப் போயேன்" என்றேன்.

"கட்டுனவன் நீ உசுரோட கீற. உன்ன வூட்ல வுட்டுட்டு மருமகப் புள்ள கையப் புடிச்சிகினு நான் ஆபரேஷனுக்குப் போவணுமா? நீ வந்தா வரேன். இல்லனா கீற கண்ணு போதும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மகளும் அழுது பார்த்தாள். அவளுக்கு அப்போது பிள்ளை பிறந்து இருபது நாள். அவளாலும் கூடப் போக முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் எனக்கு ஏன் அப்படி ஆனது என்று டாக்டருக்குத் தெரியாது. இவளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த ஒரு விஷயம். அதை வெளியே சொல்லமாட்டோம் என்று மூன்று பேர், மலையின் முதல் படியில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்திருந்தோம். சொன்னால் பொண்டாட்டி கண் அவிந்து போகும் என்று. எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் 'கண்ணாண' என்பார்கள். ஆனால் கற்பூரம் அணைத்துச் சொல்வது வேறு. அவளுக்கு வலது கண் போனபோது, நான் தூக்கத்தில் எதையாவது உளறிவிட்டேனோ என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது பாருங்கள். அந்த மாடிக்குப் போய் வாயைத் திறந்தால் அவள் கண் போகும். திறக்காவிட்டால் பஸ் ஏற முடியாது, அப்போதும் அவள் கண் போகும். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு துண்டுக் கற்பூரத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மருமகன் வண்டியில் போய் இறங்கினேன். இவள் முன்னாலேயே ஒரு நடை வந்து தையல் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மேலே ஆஸ்பத்திரி மாதிரி ஒன்றுமே இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு காற்றாடி, தண்ணீர்ச் செம்பு, கண் துடைக்கிற காகிதம் ஒரு டப்பா. என் முதுகுக்குப் பின்னால் ஒரு கடிகாரம். சாமிப் படம் இருக்கிறதா என்று நான்கு சுவரையும் பார்த்தேன். இல்லை. அந்த அம்மாவுக்கு என் மகளைவிட நான்கைந்து வயசு கூட இருக்கும்.

இவளும் என்னோடு உள்ளே வந்துவிட்டாள். "அவரு பேசமாட்டாரும்மா. இன்னா கேக்கணுமோ என்னக் கேளு, நான் சொல்றேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஐயா, அவங்க உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா? நீங்க சொல்லுங்க" என்றார்.

என்னைக் கேட்டு அவளை உட்கார வைக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. "வெளிய" என்றேன்.

"நாப்பது வருஷத்துல என்ன வெளிய உக்கார வெச்சது நீதாம்மா மொத ஆளு" என்று முனகிக்கொண்டே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒட்டுக் கேட்கிறாள் என்று தெரிந்தது. அந்த அம்மாவே எழுந்து போய், கீழே தையல் கடையில் உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டு வந்தார்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் கைநாட்டு என்று மை டப்பாவையும் எடுத்து வைத்தார். என் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. என் அப்பா ஒரு தடவை ரிஜிஸ்டர் ஆபீசில் எதிலோ நாட்டு வைத்துவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து, கிணற்றடி நிலம் எங்களுடையது இல்லை என்று வேலி போட்டுவிட்டார்கள். அன்றையிலிருந்து மை டப்பா என்றாலே எனக்கு ஆகாது.

"இன்னைக்கே வைக்க வேணாம்யா" என்றார். "முதல்ல படிச்சுக் காட்டறேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி உங்க பொண்ணையும் படிக்கச் சொல்லுங்க. சரின்னு பட்டா அடுத்த வாரம் வைங்க."

நிதானமாகப் படித்தார். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம். என்ன கொடுக்க வேண்டும், வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும். நான் பேசுவது அந்த அறையைத் தாண்டாது. ஆனால் என் உயிரை நானே எடுத்துக்கொள்வேன் என்று தெரிந்தாலும், இன்னொருத்தருக்கு என்னால் ஆபத்து என்று தெரிந்தாலும், ஒரு குழந்தைக்குக் கெடுதல் நடந்தாலும், கோர்ட்டு கேட்டாலும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எப்பவோ நடந்து முடிஞ்சது?" என்றேன்.

"அது இங்கயேதான் இருக்கும்."

பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துச் செம்பு மூடியின்மேல் வைத்தேன். தீப்பெட்டியையும் வைத்தேன்.

"ஏத்தி அணைங்கம்மா. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு. அப்புறம் சொல்றேன்."

அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "மாட்டேன்யா."

"ஏன்? நீங்க வேற சாமியா?"

"சாமிக்காக இல்ல. இப்பத்தான் நாலு விஷயம் படிச்சேன். அதுல ஒண்ணு வந்தா நான் சொல்லித்தான் ஆகணும். தெரிஞ்சே உங்க முன்னாடி இத அணைச்சா, அது பொய் சத்தியம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சத்தியம் செய்ய மாட்டாத ஆளிடம் என்ன பேச்சு? கற்பூரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. "அடுத்த வாரம் இதே நேரம் உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றார்.

கீழே இவள் கேட்டாள். "ஊசி போட்டாங்களா?"

"இல்ல."

"மாத்திர?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு என்ன வெளிய அனுப்பிச்சாங்க?"

அந்த வாரம் முழுக்க ஒரே யோசனை. அன்றைக்கு மலைப்படியில் நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு சுருக்காக அடித்து அணைத்தோம்! ஒருத்தனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. யோசித்துக் கையை இழுத்துக்கொண்ட ஆளை அந்த அறையில்தான் பார்த்தேன். மகள் காகிதத்தைப் படித்தாள். நிலம் என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை என்றாள். அடுத்த வாரம் போய் நாட்டு வைத்தேன். மையை உடனே வேட்டியில் தேய்த்துத் துடைத்தேன்.

"அந்த விஷயத்த நீங்க சொல்ல வேணாம்" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "பஸ் பின்னால வர்றப்ப உடம்புல எங்க என்ன பண்ணுது, அத மட்டும் சொல்லுங்க."

அப்படியும் ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. தொண்டை, காது, கை என்று சொன்னேன். எத்தனை வருஷமாக என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். பஸ் ஸ்டாண்டில் எங்கே ஏறுவீர்கள் என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக நான் ஸ்டாண்டுக்குள் ஏறியதே இல்லை. பஸ் பின்னால் எடுத்து, திரும்பி, ரோட்டுக்கு வந்த பிறகுதான் கைகாட்டி ஏறுவேன். 'ஸ்டாண்டுக்குள்ள ஏறுனா உனக்கு சாமி குத்தமாயா?' என்று இவள் கேலி செய்வாள். குதித்த அன்று, கண் தெரியாதவளை ரோட்டில் ஓடி ஏற வைக்க முடியாதென்று உள்ளேயே ஏறியிருந்தேன்.

எனக்கு வேலை கொடுத்தார். தினம் போய், ஸ்டாண்டுக்கு எதிரில் நின்று பஸ் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும். ஓடக் கூடாது. நடுக்கம் தானாக இறங்குகிறவரை நிற்க வேண்டும். முதல் நாள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நான்காம் நாள் இளநீர்க் கடைக்காரன் கேட்டான்.

"இன்னா பெருசு, டெய்லி வந்து பஸ்ஸ எண்ணிகினு கீற? டைம் கீப்பர் வேல குடுத்துட்டாங்களா?"

"ஆங். சம்பளந்தான் இன்னும் சொல்லல."

எண்ணவில்லை, மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்கினேன். ஆனால் பஸ் பின்னால் நகர்ந்து அந்த 'வா வா' கேட்டால் கால் வாசலைத் தேடியது. இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் இறங்கிவிட்டேன். ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"இதுக்கு மேல ஏன் போகலன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்னு நெனக்கிறேன்" என்றார் அந்த அம்மா. "நான் நெருக்கமாட்டேன்."

அவர் நெருக்கியிருந்தால்கூட ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

மறுநாள் காலையில் இவள் துணி துவைக்க என் சட்டையை எடுத்தாள். கண் தெரியாவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறதே.

"இது இன்னா கற்பூரம்? ஒரு மாசமா இந்தச் சட்டையில வாசன அடிக்குது. யாருக்கு சத்தியம் பண்ணிகினு கீற?"

"இப்ப இல்ல. எப்பவோ."

"எதுமேல?"

சொல்லக் கூடாத விஷயம் வேறு, சத்தியம் வேறுதானே என்று ஒரு நொடி தோன்றியது. "உன் கண்ணு மேல" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தாள். போன கண்ணுக்கும் சேர்த்து இப்போது என்னைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"என் கண்ண வெச்சி சத்தியம் பண்றதுக்கு நீ யாருயா? என்னக் கேட்டியா? உனக்குக் கண்ணு இல்ல? உன் கண்ண வெக்கிறதுதான?"

"மூணு பேரும் பொண்டாட்டி கண்ணத்தான் வெச்சோம்."

"வெப்பீங்க, வெப்பீங்க. உங்க கண்ணு உங்களுக்கு வேணுமில்ல! இதுக்குத்தான் பஸ்ஸ வுட்டு குதிச்சிகினு கீறியா? கண்ணு என்னுது. நான் சொல்றேன், அது செல்லாது. எங்க போயி சொல்லணுமோ சொல்லிட்டு வா."

"உன் கண்ணு போயிடுச்சின்னா?"

"இப்ப மட்டும் இன்னா வாழுது? போனா நான் பாத்துக்கறேன், போ."

அந்தக் கற்பூரத்தை அப்படியே சாமி படத்துக்கு ஏற்றிவிட்டாள். அதை ஏன் வீணாக்க வேண்டும் என்றாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

அடுத்த தடவை மாடியில் சொன்னேன். கரும்பு வெட்டிய கொல்லையில் லாரி பின்னால் வருகிறது. பின்னால் நின்று 'வா வா' சொல்வது என் வேலை. காற்று அடிக்கிறதென்று நான் திரும்பி நின்று பீடி பற்றவைத்தேன். என் வாய் மட்டும் பழக்கத்தில் "வா... வா..." என்றது. என்னோடு வேலை செய்தவன், தெலுங்குக்காரன், சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்திருக்கிறான். "பாவா!" என்று ஒரே சத்தம். மச்சான் என்று அவன் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். நான் திரும்பினபோது எல்லாம் முடிந்துவிட்டது. குடித்துவிட்டு லாரிக்குப் பின்னால் படுத்திருந்தான் என்று சொல்லச் சொன்னார் லாரிக்காரர். அவர், டிரைவர், நான், மூன்று பேரும் படிக்குப் போனோம். அவன் அம்மாவிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னது நான். அவன் குடிக்க மாட்டான். எங்களுக்குக் கள் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் சோடா குடிப்பான்.

இதை எழுதும்போது என் மகள் தலை நிமிரவில்லை.

அந்த அம்மா, 'உங்க மேல தப்பில்ல' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். காகித டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "அந்த 'வா வா' யாரு குரல்ல கேக்குது?" என்றார்.

"என்னுதுதான்" என்றேன். டப்பாவிலிருந்த காகிதம் பாதி தீர்ந்துவிட்டது.

இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்றார். ஒரு மனுஷன் இப்படி உட்கார்ந்திருக்கும்போது கடிகாரம் பார்க்கிறாரே என்று சுருக்கென்றது. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில்தான், இரண்டு மூன்று நாளைக்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள், தாங்க முடியாவிட்டால் போன் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்படியேதான் இருந்தது. இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

ஆபரேஷன் நாள் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே ஏறினோம். வாசல் பக்கம் அவளை உட்கார வைத்துவிட்டேன், நான் தாண்டிப் போக முடியாதபடி. டிரைவர் பின்னால் எடுத்தார். பின்னால், "வா... வா..." என்றான். எனக்குத் தெரியாமலே என் வாய், "நில்லு... நில்லு... நில்லு..." என்றது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். "பெருசு, நீ டிரைவரா, அவரு டிரைவரா?"

"நீ முன்னால பாத்துகினு வா நைனா" என்றாள் இவள். என் கையைப் பிடித்திருந்த பிடியில் அவள் மோதிரம் பதிந்துவிட்டது. பஸ் திரும்பி ரோட்டுக்கு வந்தது. நான் உள்ளே இருந்தேன்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். அவள் கண்ணை மூடி மூடித் திறந்தாள். நான் சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் என்றே மனசு அடித்துக்கொண்டது.

"சட்டப் பட்டன மாத்திப் போட்டுகினு கீற" என்றாள். "இப்படியேவா திருப்பதி வரைக்கும் வந்த?"

அந்த அம்மாவிடம் இன்னமும் மாதம் ஒரு தடவை போகிறேன். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன தடவை, "இத யாருகிட்டயாவது சொல்லணும்னு தோணுதா?" என்று கேட்டார். செத்துப்போனவன் அம்மாவிடம் என்றேன். அந்தத் தாய் எப்போதோ செத்துவிட்டாள், மகன் குடிகாரன் என்று நம்பிக்கொண்டே. லாரிக்காரரும் இல்லை. டிரைவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. எங்கள் ஊரில் அவன் பேச்சு வந்தால் இன்னமும், 'குடிச்சிட்டு லாரிக்கடியில படுத்தானே, அவன்' என்கிறார்கள்.

அதனால்தான் மகளை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். இதைக் கேட்டவர்கள் கனகம்மாசத்திரம் பக்கம் போனால், அங்கே டீ குடிக்கிறவர்களிடம் சொல்லுங்கள். அவன் குடிக்கவில்லை. கல் வைக்கத்தான் குனிந்தான். 'வா வா' என்று சொன்னவன் பார்க்காமல் சொன்னான். அது நான்தான் என்றும் சொல்லுங்கள்.